எண்பத்து நான்கு படத்துக்கு இடம்

அவள் அத்தையாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளில் சந்தோஷப்பட அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வார்டின் வாசலில், கதவு திறக்கும்போதெல்லாம் இரும்பு நாற்காலியை விட்டு அடித்துப் பிடித்து எழுந்து நிற்பதும், தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்காருவதுமாகவே பொழுது போனது.

குழந்தை அவளுடைய தம்பியின் மகள். பத்து வாரம் முந்திப் பிறந்தவள். எடை ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். தம்பி சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் வேலை பார்க்கிறவன். இப்போது நடுக்கடலில் இருந்தான். நாலைந்து நாளைக்கு ஒருமுறை அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு. தம்பி மனைவி அடுத்த கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனி அறையில் கிடந்தாள். அறுவை செய்து பிள்ளையை எடுத்த மறுநாளே காய்ச்சல் ஏறி, தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது. அது முழுதாகத் தீரும்வரை குழந்தை இருக்கிற பக்கம் தலைகாட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மயக்கத்தில் பெற்றவள், மகளை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

ஆக, இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஓடுவதற்கு இருந்த ஒரே ஜீவன் அத்தை. அவளும் குழந்தையைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தாள். கடைசி மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு குழாய், ஒரு சின்னக் குல்லாய். அவ்வளவுதான் தெரியும்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அத்தைக்கும் தம்பி மனைவிக்கும் எட்டு மாதமாகச் சரியான பேச்சுவார்த்தை இல்லை. சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அத்தை எதையும் மூன்று தடவை சரிபார்க்கிற ஆள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினால் கண்ணாடி தெறித்துவிடும். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், இவள் எழுந்துபோய் ஒருதடவை திருகிப் பார்ப்பாள். ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல், "ஏன் அண்ணி, நான் மூடினா மூடாதா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் "சாப்பிட்டாச்சா", "கதவு பூட்டியாச்சா" என்று ஆள் குறிப்பிடாமல் காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் காலையில் டாக்டர் அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன ரத்தக் குழாய் மூடவில்லையாம். மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன்.

"பயப்பட வேண்டியதில்லை. ஆனா இவ்வளவு சின்ன உடம்பு. சொல்ல வேண்டியது என் கடமை" என்றார்.

மற்றதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. வெளியே வந்து நேராகத் தலைமை நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. பெத்தவ இன்னும் மூஞ்சியே பாக்கல. நாளைக்கு..."

"உள்ள போனுக்கு வழியே இல்லம்மா. போன வருஷம் யாரோ எடுத்து, பக்கத்துக் குழந்தை படமும் சேந்து ஊரெல்லாம் சுத்திடுச்சு. அன்னையிலேருந்து என் போனே வெளியிலதான்." நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள். "பழைய கேமரா ஏதாவது வச்சிருக்கீங்களா? நெட்டு கிட்டு இல்லாதது. கையில அடங்குற மாதிரி சின்னதா இருக்கணும். இருந்தா துடைச்சு, கவர்ல போட்டு, நானே எடுத்துத் தரேன். ஆனா நாலு மணிக்கு என் டியூட்டி முடியுது. அடுத்து வர்றவங்ககிட்ட நான் சொல்ல முடியாது."

மணி ஒன்பதரை. அத்தை வீட்டுக்குப் பறந்தாள்.

தம்பியின் அலமாரியில் ஒரு காலுறைக்குள் அந்தக் கேமரா இருந்தது. முதல் கப்பலில் ஏறிய வருஷம் வாங்கியது. சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். சார்ஜரை ரப்பர் பேண்ட் போட்டு அதோடு கட்டியிருந்தான். தம்பி என்ன செய்தாலும் இந்த ஒரு ஒழுங்கு உண்டு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே அடிப்பக்கத்து மூடியைத் திறந்தாள். பேட்டரி இருந்தது. பக்கத்தில் படம் பதிகிற கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எடுத்து வைத்தவனிடம் கேட்கலாம் என்றால் அவன் கடலில் இருக்கிறான். அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தாள். பழைய பொத்தான்களும் ஒரு திருகாணியும்தான் விழுந்தன.

பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, தெருமுனையில் போன் சாமான் விற்கிற கடைக்குப் போனாள்.

"கேமராவுக்குக் கார்டு வேணும்."

"முப்பத்திரண்டு, அறுபத்துநாலு, நூத்திருபத்தெட்டு ஜிபி இருக்கு. எந்த சைஸ்க்கா வேணும்?" என்றான் கடைக்காரன்.

"எது நல்லது?"

"எல்லாம் நல்லதுதான். பெருசா வாங்கிட்டா நிம்மதி."

நிம்மதி என்ற சொல்லில் அவள் விழுந்தாள். எடுத்த படம் தானாக அழிந்துபோகுமா, தண்ணீர் பட்டால் என்னாகும், கீழே விழுந்தால் தாங்குமா என்று கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, நூற்றிருபத்தெட்டையே வாங்கினாள். நகக்கண் அளவு கார்டு. அதை உட்காரவைக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம். இருபதாயிரம் படம் எடுக்கலாம் என்றான். அவளுக்கு ஒன்று போதும்.

வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டு கேமராவை உயிர்ப்பித்தாள். திரை விழித்தது. நடுவில் சிவப்பாக இரண்டு வார்த்தை வந்தது: கார்டு பிழை.

எடுத்தாள், புடவைத் தலைப்பில் துடைத்தாள், போட்டாள். கார்டு பிழை. ஊதிவிட்டுப் போட்டாள். கார்டு பிழை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினெட்டு வருஷமாக ஃபிரேமைக் கையில் வாங்காமல் ஒரு லென்ஸைக்கூடத் தேய்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்து, கேமராவை வீட்டில் வைத்துவிட்டு அதற்குக் கார்டு வாங்கப் போயிருக்கிறாள்.

இந்தத் தடவை கேமராவோடு போனாள். கடைக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேமராதான்க்கா அவுட்டு. இத வச்சு என்ன பண்ணப் போறீங்க? உங்க போனே இதவிடப் பத்து மடங்கு நல்லா எடுக்கும்."

"அது எனக்கும் தெரியும்ப்பா. வேற கார்டு போட்டுப் பாரு."

முப்பத்திரண்டைப் போட்டான். அதே சிவப்பு எழுத்து. பெரிய கார்டைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை, தெருவில் இறங்கிவிட்டாள். அடுத்த கடையில் "அதெல்லாம் இப்ப வர்றதில்ல" என்றார்கள். அதற்கடுத்த கடையில் இருந்தவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவரை அறைந்திருப்பாள். நேரம்தான் இல்லை. மணி ஒன்றே முக்கால்.

பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி ஒரு மாடிப்படியின் அடியில் பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டுடியோ இருந்தது. உள்ளே வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் ஒரு நடுவயது ஆள் உட்கார்ந்து, இருக்கிற பதினைந்து முடியை நாலு விதமாகச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ அம்மா அத்தையின் கையிலிருந்த கேமராவைப் பார்த்ததும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள்.

"கார்டு எடுக்க மாட்டேங்குதா?"

"ஆமாங்க. எல்லாக் கடையிலயும் கேமரா போச்சுங்குறாங்க."

"கேமராவுக்கு ஒண்ணுமில்ல. இது பொறந்த காலத்துல ரெண்டு ஜிபிக்கு மேல கார்டே கிடையாது. அதுக்கு மேல எண்ணத் தெரியாது இதுக்கு. நீங்க நூறு ஜிபிய வாயில திணிச்சா பாவம் என்ன பண்ணும்? ரெண்டு, இல்ல அதுக்குக் கீழ. அதான் வேணும்."

அத்தைக்குப் பாதி உயிர் திரும்பியது. "உங்ககிட்ட இருக்கா?"

ஸ்டுடியோ அம்மா மேசையின் அடி இழுப்பறையைத் துழாவினாள். பழைய ஃபிலிம் டப்பாக்களுக்கும் காய்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவிலிருந்து இரண்டு கார்டை எடுத்து வைத்தாள். ஒன்று, உறை பிரிக்காத புதுசு, இரண்டு ஜிபி. மற்றது ஓரம் தேய்ந்து, ஒட்டியிருந்த தாள் பாதி உரிந்துபோன பழசு. இருநூற்றைம்பத்தாறு எம்பி, அதாவது கால் ஜிபிதான்.

"முன்னாடியே சொல்லிடறேன். இந்தப் புதுசு யாரோ கம்பெனி, நான் பேரே கேள்விப்பட்டதில்ல. இப்படி வர்றதுல போலி நிறைய. எடுக்கும்போது எடுக்குற மாதிரியே இருக்கும், அப்புறம் போய்ப் பாத்தா படம் இருக்காது. பழசு, என் கையில எட்டு வருஷம் ஓடுச்சு. ஒருதடவகூட என்னக் கவுத்தது இல்ல. ஆனா அதுக்கும் வயசாயிடுச்சு. இன்னிக்கே மண்டையப் போடாதுன்னு கையெழுத்துப் போட்டுத் தர முடியாது."

அத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். புதுசைத் தொட்டாள், அது போலியாக இருந்தால்? பழசைத் தொட்டாள், அது இன்றைக்கே செத்தால்? இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நர்ஸ் ஒருமுறைதான் உள்ளே போவாள். கேமராவில் ஒன்றுதான் இருக்க முடியும்.

"நீங்களா இருந்தா எத எடுப்பீங்க?"

"எதுக்குன்னு சொல்லுங்க, சொல்றேன்."

ஒன்பது நாளாக யாரிடமும் அவள் முழுசாகச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத அந்த ஸ்டுடியோவில் நின்றபடி கொட்டிவிட்டாள். பெட்டி, குழாய், குல்லாய், நாளைக் காலை ஏழு மணி, இன்றைக்கு நாலு மணி. சொல்லி முடித்தபோது, ஸ்டூலில் இருந்தவர் சீப்பைக் கீழே இறக்கியிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா. மொதல்ல இவங்களப் பாருங்க" என்றார்.

ஸ்டுடியோ அம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, "நான் பழசத்தான் எடுப்பேன். ஆனா நான் சொன்னேன்னு எடுக்காதீங்க" என்றாள்.

புதுசில் எத்தனை ஆயிரம் படம் கொள்ளும் என்பது வேண்டாத கணக்கு என்று அத்தைக்குப் பட்டது. பழசை எடுத்தாள். போட்டதும் கேமரா ஒரு கேள்வி கேட்டது: உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரியா? யார் யாரோ நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகங்கள் அதில் கிடந்தன. பொத்தானின் மேல் வைத்த கட்டைவிரல் நகரவில்லை.

"அழிங்க. அவங்கெல்லாம் பாஸ்போர்ட் வாங்கி எப்பவோ ஊர் போய்ச் சேந்தாச்சு" என்றாள் ஸ்டுடியோ அம்மா.

அழுத்தினாள். திரையின் ஓரத்தில் எண் வந்தது: எண்பத்து நான்கு. அத்தனை படத்துக்கு இடம் இருக்கிறது. ஸ்டூலில் இருந்தவரையே ஐந்து படம் எடுத்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாள், ஐந்தும் இருந்தன. கார்டைக் கழற்றி, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் போட்டு, மறுபடி மாட்டிப் பார்த்தாள், இருந்தன. மூன்றாம் முறை அணைக்கப் போனபோது ஸ்டுடியோ அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும். மணி மூணு ஆகுது. கிளம்புங்க."

அரக்கப் பரக்கப் பேருந்தைப் பிடித்தாள். பாதி வழியில் அது சிக்னலில் நின்றது நின்றதுதான். இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய் வார்டு வாசலில் நின்றபோது மணி மூன்று நாற்பது. தலைமை நர்ஸ் ஒன்றும் கேட்காமல் கேமராவை வாங்கினாள், மருந்துப் பஞ்சால் துடைத்தாள், தெளிவான ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அத்தை கண்ணாடியில் நெற்றி ஒட்ட நின்றாள்.

நர்ஸ் பெட்டியருகில் குனிந்தாள். நிமிர்ந்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். பிறகு திரும்பி அத்தையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"எடுக்க மாட்டேங்குதும்மா. பூட்டியிருக்குன்னு வருது."

பூட்டா? எதில்? அத்தை கேமராவை உறையிலிருந்து உருவி மூடியைத் திறந்து கார்டை எடுத்தாள். இடது ஓரத்தில், எறும்புத் தலை அளவுக்கு ஒரு தாழ்ப்பாள் கீழ்ப்பக்கமாக இறங்கியிருந்தது. கம்ப்யூட்டரில் போட்டு எடுத்து மறுபடி மாட்டியபோது தன் நகமே அதை இழுத்திருக்க வேண்டும். ஃபிரேமில் திருகாணி போடுகிற நகத்தால் அதை மேலே தள்ளினாள். மூடினாள். எண் வந்தது.

"சிஸ்டர், இன்னும் ஒரே ஒரு தடவ."

"மறுபடி துடைக்கணும்" என்றாள் நர்ஸ். துடைத்தாள். மணி மூன்று ஐம்பத்தொன்று.

பதினொரு படம் எடுத்து வந்து கொடுத்துவிட்டு, "ஒண்ணுல கண்ணத் தொறந்திருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள்.

அத்தை அடுத்த கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஏறினாள். அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். தம்பி மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆபரேஷன் விஷயத்தை டாக்டர் சொல்லிவிட்டிருந்தார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"இங்க பாரு, என்ன கொண்டாந்திருக்கேன்னு. பாப்பா போட்டோ."

அவள் திரும்பவில்லை. "வேணாம் அண்ணி."

"என்னது?"

"வேணாம். நான் பாக்கல."

காலையிலிருந்து ஓடிய ஓட்டமெல்லாம் காலில் வந்து இறங்கியதுபோல அத்தை ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் கோபம் தலைக்கேறியது. நான் எங்கெங்கே அலைந்தேன் தெரியுமா என்று கேட்க வாய் திறந்தாள். அதற்குள் அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இப்ப பாத்துட்டேன்னா, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் அந்த முகத்த வச்சுக்கிட்டு என்ன அண்ணி பண்ணுவேன்?"

தம்பி மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே தான் கிளம்பிவிட்டது அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. பெற்றவளுக்காக என்று ஓடியதில் தன் பதற்றத்துக்காக ஓடியது எவ்வளவு என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சரி. பாக்க வேணாம். கேமரா என் மடியில இருக்கட்டும்" என்றாள்.

டிரிப்ஸ் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள். நெடுநேரம் கழித்துச் சுவரோரமிருந்து குரல் வந்தது.

"கை எப்படி இருக்கு?"

"காட்டவா?"

"கை மட்டும்."

அத்தை ஒரு படத்தை எடுத்து, பொத்தானை அழுத்தி அழுத்திப் பெரிதாக்கி, திரையில் கையைத் தவிர வேறொன்றும் இல்லாதபடி செய்து நீட்டினாள். தம்பி மனைவி மெல்லத் திரும்பினாள். தீக்குச்சி விரல் ஐந்து. அதில் நகம்கூட இருந்தது.

"நகம் இருக்கு" என்றாள், யாரோ இல்லையென்று சொல்லியிருந்த மாதிரி. கொஞ்சம் கழித்து, "கால்?" என்றாள்.

கால் வந்தது. பிறகு காது. பிறகு குல்லாய்க்குக் கீழே வந்து விழுந்திருந்த முடி. அத்தை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தாள், முகத்தின் பக்கம் போகாமல். கடைசியில் தம்பி மனைவியே அவள் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். எந்தப் பொத்தான் என்று கேட்டாள். படம் மெல்லச் சுருங்கிச் சுருங்கி முழுசாக வந்தது. கண் திறந்திருந்த படம் அது.

அழுவாள் என்று அத்தை தண்ணீர் டம்ளரோடு தயாராக நின்றாள். அவள் அழவில்லை. உற்றுப் பார்த்துவிட்டு, "யார் மேல இவ்வளவு கோவம் இவளுக்கு?" என்றாள்.

அத்தைதான் அழுதாள்.

மறுநாள் ஏழு மணிக்குக் குழந்தையைக் கொண்டுபோனார்கள். அத்தை ஆபரேஷன் அறைக்கு வெளியே இருந்தாள். எட்டானது, ஒன்பதானது. பக்கத்தில் யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். அது கையிலேயே ஆறிப்போனது. ஒன்பது இருபதுக்கு டாக்டர் வந்து, "முடிஞ்சுதும்மா. தாங்கிட்டா" என்றார். அவருக்கு நன்றி சொன்னாளா இல்லையா என்பது அவளுக்கே ஞாபகமில்லை. இரண்டு கட்டடத்தையும் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஓடிக் கதவைத் திறந்தவளுக்கு, மூச்சு இரைத்ததில் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

கட்டிலில் இருந்தவள் முகம் வெளுத்துப்போய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி... சொல்லித் தொலைங்க அண்ணி!"

"நல்லா... நல்லாருக்கா."

"அத மொதல்ல சொல்றதுக்கென்ன!" என்று அவள் தலையணையைத் தூக்கி அத்தையின் மேல் எறிந்தாள். ஒன்பது நாளாகக் காய்ச்சலில் கிடந்தவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. எட்டு மாதத்தில் அவர்கள் நேருக்கு நேர் முகம் பார்த்துப் போட்ட முதல் சண்டை அதுதான்.

மேலும் ஆறு நாள் கழித்துத் தொற்று தீர்ந்தது என்று சீட்டு வந்தது. சக்கர நாற்காலியில் அவளைக் குழந்தைகள் வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவருக்குத்தான் அனுமதி, அத்தை வழக்கம்போலக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். தலைமை நர்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டக் கதவைத் திறந்தாள். தம்பி மனைவி கையை உள்ளே விட்டாள். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது அசையவே இல்லை. ஏதாவது ஆகிவிட்டதோ என்று அத்தை மறுபடி கண்ணாடியில் நெற்றியை ஒட்டினாள்.

பத்து நிமிஷத்தில் நாற்காலி வெளியே வந்தது.

"என்ன? என்னாச்சு? ஏன் அப்படியே உக்காந்திருந்த?"

தம்பி மனைவி தன் சுட்டுவிரலை மற்ற கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

"சூடா இருக்கா அண்ணி" என்றாள். "படத்துல அது தெரியல."